விதை யாருடைய சொத்து?

இருபது ஆண்டுகளுக்கு முன், மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், நெல் விளையும் விதர்பப் பகுதியின் ஒரு கிராமக் கிளையில் நாம் இளநிலை அலுவலராகப் பணியாற்றினோம். வணிகவியல் பயின்று வந்த நமக்கு வரவு செலவு தெரியும், வயல் தெரியாது. மராத்தியும் அரைகுறை. பயிர்க்கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போது உழவு, உரம், ஆள்கூலி என்று ஒவ்வொரு செலவாகக் கேட்டுக்கொண்டே வந்தோம். விதைச் செலவு என்ற கட்டத்துக்கு வந்ததும், எதிரே அமர்ந்திருந்த முதியவர் சிரித்தார். "விதைக்கு என்ன செலவு, சாஹேப்? வீட்டில் இருக்கிறது" என்றார். போன அறுவடையில் நல்ல கதிர்களாகப் பார்த்து எடுத்து, சாணம் மெழுகிய மூங்கில் கூடையில் அவருடைய மனைவி சேமித்து வைத்த நெல் அது. அதற்கு மூலவிதை, சில ஆண்டுகளுக்கு முன் சம்பந்தி ஊரிலிருந்து மாற்றிக்கொண்டு வந்தது.

கட்டத்தை வெறுமையாக விட முடியாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் முடிவு செய்யப்பட்ட கடன் அளவு இருந்தது. அதைப் பார்த்து ஒரு தொகையை எழுதினோம், கடனும் வழங்கப்பட்டது. ஆயினும் அந்த முதியவரின் சிரிப்பு நம்மைவிட்டு அகலவில்லை. அந்தக் கூடையில் இருந்தது ஒரு சொத்து. அதற்கு விலைச்சீட்டு இல்லை, பத்திரம் இல்லை, பதிவு எண் இல்லை. ஆகவே நம் ஏட்டில் அதற்கு இடமும் இல்லை.

இன்று உலக வணிகத்தில் பெரிதும் வாதிடப்படும் பொருள்களுள் ஒன்று, அந்தக் கூடைக்குள் இருந்த விதை யாருக்குச் சொந்தம் என்பதே. அறிவுசார் சொத்துரிமை என்றால் அது மருந்து நிறுவனங்களையும் மென்பொருள் நிறுவனங்களையும் பற்றியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வளரும் நாடுகளின் உழவர்களை அது எவ்வளவு நெருக்கமாகத் தொடுகிறது என்பதை நம் வாடிக்கையாளர்கள் அறிந்துகொள்வது நலம்.

எச்.எம்.டி. நெல்லின் கதை

நாம் மேலே சொன்ன முதியவர் விதைத்தது எச்.எம்.டி. என்னும் சன்ன ரக நெல். அதன் பெயரைக் கேட்டபோது, ஏதோ ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் என்றே நினைத்தோம். பின்னரே உண்மை தெரிந்தது. சந்திரபூர் மாவட்டத்தைச் சேர்ந்த தாதாஜி கோப்ரகடே என்ற சிறு விவசாயி, 1980களில் தம் வயலில் பட்டேல் 3 என்ற ரகத்திடையே மாறுபட்டுத் தோன்றிய சில கதிர்களைக் கண்டார். அவற்றைத் தனியே எடுத்து, ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். அவ்வாறு உருவானதே அந்நெல். பெயர் சூட்டக்கூட அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரை வணிகர்கள் அதற்கு வைத்துவிட்டார்கள்.

அந்நெல் பரவியது, அரிசி ஆலைகளும் வணிகர்களும் பயனடைந்தனர். மாநில வேளாண் பல்கலைக்கழகம் ஒன்று அதையே தூய்மைப்படுத்தித் தன் பெயரைச் சேர்த்து வெளியிட்டது. உருவாக்கியவருக்கோ அந்த வணிகத்திலிருந்து பங்கு எதுவும் வரவில்லை. பிற்காலத்தில் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருதும் வேறு பாராட்டுகளும் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் 2018ஆம் ஆண்டு அவர் மறைந்தபோதும் வறுமை அவரை விட்டிருக்கவில்லை.

இதில் ஒருவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவர் அந்நெல்லை உருவாக்கிய காலத்தில், ஓர் உழவர் தாம் கண்டறிந்த ரகத்தைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ள நம் நாட்டில் சட்டமே இல்லை. கண்டுபிடிப்பு அவருடையது, அதைக் காட்டும் காகிதம் அவரிடம் இல்லை. வங்கியில் பணிபுரிவோருக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும். ஆவணம் இல்லாத நிலத்தை நாமும் ஈடாக ஏற்பதில்லை அல்லவா?

எடுப்பது எளிது, மீட்பது அரிது

ஆவணம் இல்லாத அறிவை, ஆவணம் செய்யத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சிகள் 1990களில் அடுத்தடுத்து நிகழ்ந்தன. மஞ்சளுக்குப் புண்ணை ஆற்றும் குணம் உண்டு என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் வீட்டுப் பாட்டிகள் அனைவரும் அறிந்த மருத்துவம் அது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டி வழக்காடியது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் வழங்கிய உரிமை 2000இல் நீக்கப்பட்டது. மேல்முறையீடும் முடிந்து அத்தீர்ப்பு உறுதியாக 2005 ஆயிற்று. பாசுமதி வகை நெல்லுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்று 1997இல் பெற்ற காப்புரிமையில் இருந்த 20 உரிமைக் கோரிக்கைகளில், இந்தியாவின் எதிர்ப்புக்குப் பின் பெரும்பாலானவை விலகின.

இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மெக்சிகோவின் மக்கள் காலங்காலமாக உண்ணும் மஞ்சள் நிற அவரை வகையை ஓர் அமெரிக்கர் அங்கிருந்து 1994இல் வாங்கிச் சென்றார். அதைப் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்து, 1999இல் அதன் நிறத்தையும் உள்ளடக்கிக் காப்புரிமை பெற்றார். அதன்பின் அவ்வகை அவரையை அமெரிக்காவுக்கு அனுப்பிய மெக்சிகோ ஏற்றுமதியாளர்கள் அவருக்கு உரிமைத் தொகை செலுத்த வேண்டும் என்ற நிலை உருவானது. அவர்களுடைய வணிகம் தடைப்பட்டது. கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் தன் விதை வங்கியில் இருந்த சான்றுகளுடன் 2000இல் எதிர்ப்பு மனு அளித்தது. அக்காப்புரிமை செல்லாது என்று இறுதித் தீர்ப்பு வந்தது 2009இல். இதற்கிடையே இழந்த வணிகத்தை யார் ஈடு செய்வார்?

இவ்வழக்குகளில் நாம் வென்றோம் என்று மகிழ்வது இயல்பே. கணக்குப் பார்க்கும் பழக்கம் உள்ள நமக்கு வேறொன்றும் தோன்றுகிறது. உரிமை பெறுபவருக்கு ஆவது ஒரு விண்ணப்பச் செலவு. அதை நீக்கக் கோருபவருக்கு ஆவது பல ஆண்டு வழக்குச் செலவு. வழக்காட அரசு நிறுவனமோ பன்னாட்டு மையமோ முன்வந்தவை மட்டுமே நமக்குத் தெரிந்த வெற்றிகள். ஒரு தனி உழவரால் அச்செலவைத் தாங்க முடியாது.

இந்தியா தேர்ந்தெடுத்த வழி

1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் பயிர் ரகங்களுக்கு ஏதேனும் ஒரு வகையில் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றது. காப்புரிமை கொடுக்கலாம், அல்லது பயன் தரக்கூடிய தனிச்சட்டம் ஒன்றை இயற்றிக்கொள்ளலாம், இரண்டையும் இணைத்தும் செய்யலாம். வளர்ந்த நாடுகள் பலவற்றில், யுபோவ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் வழியில் அமைந்த சட்டங்கள் முன்பே இருந்தன. அந்த ஒப்பந்தத்தின் 1991ஆம் ஆண்டு வடிவம், ரகத்தை உருவாக்கியவரின் கையை வலுப்படுத்துவது. உழவர் தம் நிலத்தில் விளைந்த விதையைத் தம் நிலத்திலேயே மீண்டும் விதைக்க, ஒவ்வொரு நாடும் விரும்பினால் வரம்புக்கு உட்பட்டு அனுமதி தரலாம். ஆனால் அதை அண்டை வயலுக்குக் கொடுக்கவோ விற்கவோ வழியில்லை. நமது முதியவர் சம்பந்தி ஊரிலிருந்து நெல் மாற்றி வந்தாரே, அது பாதுகாக்கப்பட்ட ரகமாயிருந்தால் அச்செயல் உரிமை மீறலாகிவிடும்.

இந்தியா அந்த வழியில் செல்லவில்லை. நாடாளுமன்றம் 2001இல் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டத்தை இயற்றியது. அதன் பெயரிலேயே உழவர் உரிமை இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். புதிய ரகத்தை உருவாக்கியவருக்குப் பயிர்களில் 15 ஆண்டுகளும் மரங்களிலும் கொடிகளிலும் 18 ஆண்டுகளும் பாதுகாப்புக் கிடைக்கிறது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட ரகமாயினும் அதன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், பகிரவும், விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு என்கிறது. ஒரே ஒரு தடை: பாதுகாக்கப்பட்ட அந்த ரகத்தின் பெயரைக் காட்டும் பையில் அடைத்து, அடையாளச் சீட்டு ஒட்டி விற்கக் கூடாது.

இன்னும் சில நன்மைகள் இச்சட்டத்தில் உள்ளன. உழவர் தாமே உருவாக்கிய ரகத்தை ஏனையோரைப் போலவே பதிவு செய்யலாம். அவருக்குக் கட்டண விலக்கும் உண்டு. பதிவு பெற்ற ரகத்தின் விதை, விற்றவர் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கோரலாம். ஒரு ரகத்துக்கு உரிமையாளர் இருப்பது தெரியாமல் உழவர் செய்த செயல் உரிமை மீறலாகக் கொள்ளப்படாது. விதை நியாயமான விலையில் போதிய அளவு கிடைக்காவிட்டால், பதிவாகி மூன்றாண்டுகளுக்குப் பின் பிறருக்குக் கட்டாய உரிமம் வழங்கவும் இடமுண்டு. மரபு ரகங்களைக் காத்து வரும் சமூகங்களுக்கு மரபணு நிதியிலிருந்து விருதும் பரிசும் அளிக்கப்படுகின்றன.

உருளைக்கிழங்கு கற்பித்த பாடம்

சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை வயலுக்கு வந்து சேர்கிறதா என்பதற்கு 2019இல் ஒரு சோதனை ஏற்பட்டது. பெப்சிகோ நிறுவனம் வறுவல் செய்வதற்கு உகந்த ஓர் உருளைக்கிழங்கு ரகத்தை 2016இல் இச்சட்டத்தின்கீழ் பதிவு செய்திருந்தது. அதைத் தன் அனுமதியின்றிப் பயிரிட்டதாகக் கூறி, குஜராத்தின் உழவர்கள் சிலர் மீது அகமதாபாத் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவர்களுள் நால்வரிடம் கோரப்பட்ட இழப்பீடு ஒவ்வொருவருக்கும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். சில ஏக்கர் நிலம் உள்ள குடும்பம் அத்தொகையைக் கேட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, ஒரு தவணை தவறினாலே உழவர் படும் தவிப்பை மேசைக்கு எதிரே காணும் நம்மால் உணர முடிகிறது.

நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 39ஆம் பிரிவை மேற்கோள் காட்டி உழவர் அமைப்புகள் வாதிட்டன. அடுத்த மாதமே நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. பின்னர், விண்ணப்பத்தில் தரப்பட்ட தகவல்களிலும் ஆவணங்களிலும் குறைகள் இருந்தன என்று கூறி, பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவை நீக்கியது. 2023இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அந்த முடிவை உறுதி செய்தார். 2024 ஜனவரியில் இருவர் அமர்வு அம்முடிவை ரத்து செய்தது. பதிவு செல்லுமா என்பது ஒரு கேள்வி. பதிவு பெற்ற ரகத்திலும் உழவருக்குள்ள உரிமை வேறொரு கேள்வி. முதலாவதில் தீர்ப்புகள் மாறி மாறி வந்தன. 39ஆம் பிரிவோ சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? சட்டம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். அந்த உழவர்களுக்குத் துணை நிற்க அமைப்புகள் வராதிருந்தால், நீதிமன்ற அறிவிப்பைக் கண்ட அச்சத்திலேயே அவர்கள் பணிந்து போயிருக்கக்கூடும்.

மறுபக்கத்து நியாயம்

நிறுவனங்கள் அனைத்தும் தீயவை என்றோ, ஆராய்ச்சிக்குக் கூலி வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. ஒரு புதிய ரகத்தை உருவாக்கி வயலுக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. அவ்வளவு காலம் முதலீடு செய்பவருக்கு வருமானம் வரும் என்ற நம்பிக்கை வேண்டும். வட்டிக் கணக்குப் பார்க்கும் நாம் இதை மறுக்க முடியாது. பாதுகாப்பே இல்லாவிட்டால், ஆண்டுதோறும் புதிதாக வாங்கியே தீரவேண்டிய வீரிய ஒட்டு விதைகளில் மட்டும் தனியார் நாட்டம் செலுத்துவர். நெல், கோதுமை, பயறு போன்று விதை சேமிக்கக்கூடிய பயிர்கள் பின்தங்கிவிடும்.

ஆனால் இதே நியாயத்தை உழவர்க்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி நிலையம் புதிய ரகத்தை வெறுங்கையால் படைப்பதில்லை. நோயைத் தாங்கும் குணத்தையும், உப்பு நிலத்தில் விளையும் குணத்தையும், நறுமணத்தையும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ரகங்களிலிருந்தே எடுக்கிறது. இறுதி முதலீட்டுக்கு மட்டும் ஈவுத்தொகை தந்து, தொடக்க முதலீட்டாளரைப் பங்குதாரர் பட்டியலிலிருந்து நீக்குவது எந்த நிறுவனத்திலும் முறையன்று. நமது சட்டம் இருவரையும் பங்குதாரர்களாக ஏற்கிறது. அதுவே அதன் சிறப்பு.

வளர்ந்த நாடுகள், தாம் செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தங்களின் வழியாக, யுபோவின் 1991 வடிவத்தை ஏற்குமாறு வளரும் நாடுகளை வலியுறுத்தி வருகின்றன. சிறு நாடுகள் பலவற்றால் அதை மறுக்க இயலவில்லை. பெரிய சந்தையும் சொந்த ஆராய்ச்சி நிலையங்களும் உடைய இந்தியாவால் மறுக்க இயலும். இந்த உரிமையை வேறொரு சலுகைக்கு விலையாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதே நம் உறுதியான கருத்து. நாம் நிலைத்து நின்றால், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள பிற நாடுகளுக்கும் அது ஒரு முன்மாதிரியாகும். 2024 மே மாதம் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் உருவான புதிய உடன்படிக்கை, மரபணு வளங்களைக் கொண்டு காப்புரிமை கேட்பவர் அவ்வளம் எங்கிருந்து பெறப்பட்டது என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. வளரும் நாடுகள் கால் நூற்றாண்டாக வாதாடியதன் பயன் இது. பேசிக்கொண்டே இருந்தால் கேட்கப்படும் என்பதற்கு இதுவே சான்று.

நம் வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை

உரிமையைக் காப்பது அரசின் வேலை மட்டுமன்று. உழவர்களாகிய வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்ல விரும்புபவை சில.

முதலாவது, விதை வாங்கினால் ரசீதையும், பையில் உள்ள அடையாளச் சீட்டையும், முடிந்தால் பையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். சொன்னபடி விளையவில்லை என்று இழப்பீடு கேட்க அவையே சாட்சி. கடன் தவணைக்கு அவகாசம் கேட்கும்போதும் அவை உதவும்.

இரண்டாவது, ஒப்பந்தச் சாகுபடியில் கையெழுத்திடுமுன் விதையைப் பற்றிய விதிகளைப் படித்துக் கேட்டறியுங்கள். தரமில்லை என்று நிறுவனம் ஒதுக்கும் விளைச்சலை வெளியில் விற்கலாமா? மீந்த விதையை என்ன செய்யலாம்? ஒப்பந்தம் முடிந்தபின் அதே ரகத்தைப் பயிரிடலாமா? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் குடும்பமோ ஊரோ காத்து வரும் தனி ரகம் இருந்தால், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி அதைப் பதிவு செய்ய வழி கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் உங்களுக்கு இல்லை.

நான்காவது, உங்கள் பகுதி விளைபொருளுக்குப் புவிசார் குறியீடு உண்டா என்று பாருங்கள். டார்ஜிலிங் தேயிலையில் தொடங்கிய அப்பட்டியலில் நாகபுரி ஆரஞ்சும், ஈரோடு மஞ்சளும், சிறுமலை வாழையும் உள்ளன. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் உங்களுக்கு விலை கூடிவிடாது. அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக நீங்கள் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து தரம் பிரித்துப் பெயரிட்டு விற்றால் பலன் கூடும். அதற்கு வேண்டிய நடைமுறை மூலதனத்துக்கு வங்கியை அணுகலாம்.

வங்கியாளராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போது விதை எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. வாங்கிய விதை என்றால் ரசீதைப் பாதுகாக்கச் சொல்லலாம். வீட்டு விதை என்றால் அந்த ரகத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பதிவைப் பற்றி எடுத்துரைக்கலாம். கிளையில் நடத்தும் உழவர் கூட்டங்களில் வட்டிச் சலுகையைப் பற்றிப் பேசும் நாம், 39ஆம் பிரிவைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசலாம்.

விதர்பத்து முதியவரின் விண்ணப்பத்தில் நாம் அன்று எழுதிய தொகை விதிப்படி சரியானதே. ஆனால் அந்த விதையின் பெயரையும், அது வந்த வழியையும், அதைக் காத்தவரின் பெயரையும் அன்று நாம் கேட்டு எழுதி வைக்கவில்லை. கோப்ரகடேயின் வயல் அதே மாவட்டங்களின் நடுவே இருந்தது. அவரைப் போன்ற எத்தனை பேர் நம் மேசைக்கு எதிரே அமர்ந்து, விதைக்குச் செலவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களோ தெரியாது. அடுத்த முறை ஓர் உழவர் அவ்வாறு சொன்னால், பேனாவைச் சற்று நிறுத்தி, அது என்ன விதை என்று கேட்போம்.